சித்தப்பா திரும்பிப் பார்க்காத இடம்

என் சித்தப்பாவின் வேலை, உட்கார்ந்து பார்ப்பது. பெரிய துணிக்கடை ஒன்றில் கேமரா அறை. ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கத் திரைகள். ஒவ்வொன்றிலும் யாராவது எதையாவது எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் யார் திரும்ப வைக்கப் போவதில்லை என்று கண்டுபிடிப்பதுதான் அவர் பிழைப்பு. கண்டுபிடித்தால் இடுப்பிலிருக்கும் வயர்லெஸ்ஸை எடுத்துக் கீழ்த்தளத்துக்குச் சொல்வார்: "நீலச் சட்டை. இடது கை. கவனி."

அந்தக் கண் வீட்டுக்கும் கூடவே வரும். நான் ஃபிரிட்ஜைத் திறந்தால் முதுகு குறுகுறுக்கும். நான் ஒன்றும் அப்பாவி இல்லைதான். ஆனாலும் எடுத்துத் தின்கிற சந்தோஷத்தையாவது மனுஷிக்கு விட்டுவைக்க வேண்டாமா?

ஒருநாள் அவர் கவனிக்கச் சொன்ன பச்சை உடை, சித்தியின் ஆபீஸ் தோழியாகப் போய்விட்டது. அவள் பைக்குள் கைவிட்டது கைக்குட்டைக்காக. அத்தனை பேர் நடுவில் பையைக் கொட்டிக் காட்ட வைத்தார்கள். கடை முதலாளி சித்தப்பாவைக் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். வீட்டிலோ சித்தி கேட்டது ஒரே கேள்வி.

"என்னை எத்தனை தடவை அந்த மாதிரி பாத்திருப்பீங்க?"

சித்தப்பா எழுந்து, வாசல் கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று பார்க்கப் போனார். அன்றிலிருந்து சித்தி அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

சாயங்காலமானால் அவர் எங்கேயோ கிளம்பிப் போக ஆரம்பித்தார். சொல்லிக்கொள்வதும் இல்லை.

"ஊரையே நோட்டம் விட்டவரை நாம ஒருநாள் விட வேணாமா சித்தி?" என்று ஏற்றிவிட்டேன்.

"சும்மா இருடி," என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டேதான் சொன்னாள்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஓர் ஏரி இருக்கிறது. கரையில் கிடந்த பழைய சிமெண்ட் குழாய் மேல் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். நாங்கள் புதருக்குள் பதுங்கினோம். அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார்.

"சாம்பல் கலரு, நீளக் கழுத்து. வந்ததுலேர்ந்து ஒரே இடம். அந்தக் கறுப்பு, ரெண்டு றெக்கையும் விரிச்சு நிக்கறான். சோதனை போட்டுக்கோங்கறான்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. சித்தி என் வாயைப் பொத்தினாள்.

சாம்பல் பறவை சட்டென்று குனிந்து ஒரு மீனைத் தூக்கியது. சித்தப்பாவின் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. கை கொஞ்ச நேரம் திகைத்து நின்றது, பிறகு மெதுவாக மடிக்கு வந்தது.

"சாப்பிடு, சாப்பிடு," என்றார். "உன்னை யாரு கேக்கப்போறா."

அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதே இல்லை. சித்தியும் கேட்டு ரொம்ப நாளாகியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்து நடந்தாள். சருகெல்லாம் நொறுங்கியது. பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தாலும் எட்டிப் பார்க்கிற மனிதர் திரும்பவே இல்லை.

"பின்னால யாரு வர்றான்னு பாக்க மாட்டீங்களா?"

"வர்றவங்க வரட்டும்னு இருந்தேன்." சித்தியை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "முதல் நாள் அந்தச் சாம்பலை இருட்டுற வரைக்கும் காவல் காத்தேன். என்னமோ பண்ணப்போறான்னு. அப்புறம்தான் உறைச்சது, அவன் வீட்டுல அவன் நிக்கறான். சந்தேகம் பூராவும் நான் கொண்டுவந்தது."

சித்தி புடவையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டாள்.

"நீ கேட்டியே. பாத்திருக்கேன். நிறைய தடவை."

காற்றுக்குத் தண்ணீர் சுருங்கி விரிந்தது. சித்தி போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார், தலை குனிந்துகொண்டார்.

"தள்ளி உக்காருங்க," என்றாள்.

"கோபம் போயிடுச்சா?"

"கால் வலிக்குது."

அவர் தள்ளி உட்கார்ந்தார். புதருக்குள் கொசு என்னைப் பிடுங்கித் தின்றது. அசைந்தால் அவர்கள் திரும்பிவிடுவார்களே என்று அப்படியே இருந்தேன்.