அப்பாவின் ஒல்லாந்துச் சொல்

பனிச் சப்பாத்தை வாசல் விரிப்பில் தட்டும் சத்தம், கூடவே உள்ளே வரும் தொழிற்சாலை எண்ணெய் மணம், இரண்டுக்கும் பிறகு "வ்ரவ்!" என்று ஒரு கூப்பாடு: வோபர்னில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குள் அப்பா பின்னேரங்களில் நுழைந்தது இப்படித்தான். இந்த நாட்டுக்கு வருமுன், நான் கைக்குழந்தையாய் இருந்தபோது, எங்கள் குடும்பம் ஒல்லாந்தில் அகதியாக இருந்தது. அங்கே ரோசாப்பூ வளர்க்கும் கண்ணாடிக் கூடாரமொன்றில் வேலை செய்த அப்பா, முதலாளி தன் மனைவியை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டார். மனைவியைப் பெயர் சொல்லாமல் "இஞ்சேரும்" என்றே அழைத்துப் பழகிய யாழ்ப்பாணத்து மனிதருக்கு அது நல்ல வசதியாய்ப் போயிற்று.

"நாலு சனத்துக்கு முன்னால உப்பிடிக் கத்தாதேங்கோ, வெக்கமாக் கிடக்கு" என்று அம்மா சிணுங்குவார்.

"சீமாட்டி எண்டெல்லோ கூப்பிடுறன், உமக்கென்ன வெக்கம்?" என்பார் அப்பா. முதலாளி சொல்லிக்கொடுத்த அர்த்தம் அது.

வளர்ந்தபின் அகராதிகளைப் புரட்டினேன். ஆதியில் அது பிரபுவின் மனைவிக்கும் வீட்டுத் தலைவிக்கும் உரிய சொல்லாம். சாதாரணப் பெண்களுக்கு "வெயிஃப்" என்று வேறொன்று இருந்தது. போகப்போக அந்த எளிய சொல் வசவாகத் தாழ்ந்துபோக, சீமாட்டியின் சொல் படியிறங்கி வந்து எல்லாப் பெண்களுக்கும் பொதுவாகிவிட்டது. மெத்தப் படித்த திமிரோடு இதை அப்பாவிடம் சொன்னேன்.

"அங்க என்னவும் இருக்கட்டும். இஞ்ச அது ஒராளுக்குத்தான்" என்றுவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்.

எங்கள் வீட்டிலும் அதன் அர்த்தம் மாறிக்கொண்டுதான் இருந்தது. இழுத்துச் சொன்னால் கார்த் திறப்பைக் காணவில்லை, வெட்டிச் சொன்னால் கோபம், சும்மா சொன்னால் சும்மாதான். ஆஸ்பத்திரியில் அப்பாவின் கடைசி நாட்களில் மூச்சோடு மூச்சாய் வந்தபோது, கையைப் பிடியும் என்று அர்த்தம். அம்மா ஒருவருக்குத்தான் அது விளங்கியது.

இப்போது அம்மா விட்பியில் எங்களோடு இருக்கிறார். எனக்கு அம்மா, என் பிள்ளைகளுக்கு அம்மம்மா, தெருவில் எல்லாருக்கும் அன்ரி. அவரைப் பெயர் சொல்லி அழைத்த மனிதர்கள் ஊரில் ஒவ்வொருவராய்ப் போய்விட்டார்கள். அந்த ஒல்லாந்துச் சொல்லையாவது சாகவிடக்கூடாது என்ற ஆசையில், போன கிழமை குசினியிலிருந்து நான் "வ்ரவ்!" என்று கூப்பிட்டேன்.

"ஓம், வாறன்!" என்று உடனே குரல் வந்தது. தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு, அந்த நோகிற முழங்காலோடு, ஓட்டமும் நடையுமாய் வந்தவர், குசினி வாசலில் என்னைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இனி அப்பிடிக் கூப்பிடாதை பிள்ளை" என்றார். "நான் வந்திடுவன்."