வேன் நான்கும் என் இரண்டாம் கேள்வியும்

எங்கள் பள்ளி வேன் ஓட்டுநர் இஸ்மாயில் அங்கிள் இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை மாலை வேன் நான்கின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. 'இன்று வேன் பத்து நிமிடம் தாமதம்', 'நீல நிறத் தண்ணீர் பாட்டில் யாருடையது' என்று செய்திகள் வரும் குழு அது. பூர்ணி எழுதியிருந்தாள்: 'நம்ம இஸ்மாயில் அங்கிள் தவறிட்டாராம். ஹார்ட் அட்டாக்.' அதன் கீழே கைகூப்பிய படங்கள் வந்துகொண்டே இருந்தன. நான் ஒன்றும் அனுப்பவில்லை. எனக்கு முதலில் பயம்தான் வந்தது. அழுகை மறுநாள்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மந்தைவெளியில் பூர்ணியின் குடியிருப்பு ஹாலில் அவரை நினைவுகூர நாம் எல்லோரும் கூடுகிறோம். வேனில் வந்தவர்களும் பெற்றோரும் அவர் மனைவியும் பள்ளி அலுவலகத்திலிருந்து ஒருவரும் வருகிறார்கள். 'நித்யாதான் நல்லா எழுதுவா' என்று அவரைப் பற்றி எழுதி வாசிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எல்லோருக்கும் பிடித்திருந்தது. அதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக வாசிப்பதற்காக இதை எழுதுகிறேன். சமையலறையில், அடுப்பு மேடையின் சின்ன விளக்கில். உள்ளே அம்மா இருமினால் பேனாவை நிறுத்திவிடுகிறேன்.

நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வாரம். பள்ளி விட்டு எல்லோரும் ஏறிக் கத்திக்கொண்டிருந்தோம். வேனில் எங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா கதவைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் ஏறியாச்சா?" என்றார். "ஏறியாச்சூ" என்று கூரை அதிரச் சொன்னோம். அங்கிள் வண்டியை எடுக்கவில்லை. இருக்கையில் திரும்பி உட்கார்ந்து, "யாரு வரல?" என்று கேட்டார். சத்தம் நின்றது. ஒவ்வொருத்தியும் தன் பக்கத்து இடத்தைப் பார்த்தாள். என் பக்கத்தில் பூர்ணியின் பை மட்டும் இருந்தது. அவள் கழிப்பறையில் இருந்தாள்.

"பாய், வண்டிய எடு. என் சீரியல் போய்டும்" என்றார் ஆயாம்மா.

"அதுல அவ அழுதுக்கினேதான் இருப்பா. நாளைக்கும் பாக்கலாம்" என்றார் அங்கிள். பிறகு எங்களைப் பார்த்து, "எல்லாரும் வந்தாச்சான்னு கேட்டா ஆமான்னுதான் சொல்வீங்க. வூட்டுக்குப் போற அவசரம் உங்களுக்கு. அதனாலதான் வராத ஆளக் கேக்கறேன்" என்றார். அதன் பிறகு ஆறு வருடங்கள் அவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை. உங்களுக்கும் நினைவிருக்கும்.

இரண்டாவது சம்பவம் உங்களில் சிலருக்குத்தான் தெரியும். நான் ஒன்பதாவது படிக்கும்போது, கொட்டிவாக்கத்தில் ஏறும் யாழினி ஒன்றாம் வகுப்பு சேர்ந்த புதிது. ஒரு மாலை அடையாறு சிக்னல் அருகில் அவள் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். விரலிடுக்கில் ரத்தம். ஆயாம்மா பதறிப்போய், "இந்த அக்கா அடிச்சாளா? சொல்லு, இவதானே?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். யாழினி அழுதபடி ஆமாம் என்று தலையாட்டினாள். வேன் முழுக்க என்னைப் பார்த்தது. நான் அடிக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அங்கிள் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். இறங்கிப் பின்னால் வந்து, அவளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். "இன்னா ஆச்சு பேட்டா?" என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். பின்னால் பேருந்து ஹாரன் அடித்தது. அவர் அசையவில்லை. அந்தக் குழந்தை விக்கி விக்கி, கையைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு குட்டிப் பல். கடலைமிட்டாயைக் கடித்ததில் விழுந்திருந்தது.

"பேர நீயே எடுத்துக் குடுத்தா புள்ள ஆமான்னுதான் சொல்லும் ஆயாம்மா. அதுக்கு அழுகை நிக்கணும், அவ்ளோதான்" என்றார். என்னிடம், "நீ இன்னாத்துக்கு உறைஞ்சு போயிட்ட? பல்லு உன்னுதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று நான் தப்பித்தேன். தவறாகக் கேட்ட கேள்வி ஒருவரை என்ன செய்யும் என்று அன்றே எனக்குத் தெரியும். இதை முக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது.

போன வருடம் நான் பதினொன்றாவது. கம்ப்யூட்டர் பாடத்தில் முதல் மதிப்பெண், மாணவர் மன்றத்தில் செயலாளர். போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் அலுவலக சார் கூப்பிட்டார். வேன் நான்கு தாமதமாக வருவதாகப் புகார் இருக்கிறது, பெற்றோரிடம் கருத்துக் கேட்க ஓர் ஆன்லைன் ஃபாரம் வேண்டும் என்றார். "சிம்பிளா ரெண்டு கேள்வி போதும்மா. சார்ட் மட்டும் கலரா வரணும்." பதினைந்து நிமிடத்தில் முடித்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

முதல் கேள்வி: வேன் தாமதமாக வருவதால் உங்களுக்கு எவ்வளவு சிரமம்? மிகுந்த சிரமம், ஓரளவு சிரமம், சிறிது சிரமம். சிரமமே இல்லை என்பவர்கள் எதை அழுத்துவார்கள் என்று நான் யோசிக்கவில்லை. மூன்று நிறங்கள் அழகாக இருந்தன. இரண்டாம் கேள்வி: ஓட்டுநரின் நேர ஒழுங்கும் நடத்தையும் உங்களுக்குத் திருப்தியா? ஆம், இல்லை.

அம்மா இரவுச் சமையலுக்கு நடுவில் ஃபாரத்தை நிரப்பினாள். "ரெண்டையும் ஒண்ணா கேட்டிருக்கே, என்னடி போடறது?" என்றாள். "ஏதாவது ஒண்ணு போடும்மா, டைம் முடியப் போகுது" என்றேன். அவள் 'இல்லை'யை அழுத்தினாள். அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம்.

பெரும்பாலான வீடுகள் 'இல்லை' என்றுதான் அழுத்தியிருந்தன. சார்ட் வரைந்தபோது இரண்டாவது கேள்வி தலைப்பில் அடங்கவில்லை. கடைசிச் சொல் பாதியில் வெட்டுப்பட்டு அசிங்கமாகத் தெரிந்தது. நான் அதைச் சுருக்கினேன். 'ஓட்டுநர் நடத்தை' என்று வைத்தேன். கீழே பெரிய சிவப்பு வட்டம், அதில் 'திருப்தி இல்லை'. சார் அதைப் பார்த்து, "வெரி நீட்" என்றார்.

கோடை விடுமுறை முடிந்து வந்தபோது வேனில் வேறு ஓட்டுநர் இருந்தார். அங்கிள் வேறு ரூட்டுக்கு மாறிவிட்டார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு தி. நகரில் அவரைப் பார்த்தேன். சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு அம்மாவுக்காகக் கடை வாசலில் நின்றிருந்தேன். தண்ணீர் கேன் ஏற்றிய ஒரு சின்ன வண்டி எதிரே நின்றது. "இன்னா பேட்டா, பன்னண்டாவதா?" என்று குரல் கேட்டது. இளைத்திருந்தார். முழங்கையில் கேன் தூக்கிய சிராய்ப்பு. பூர்ணி எப்படி இருக்கிறாள், ஆயாம்மாவின் சீரியல் முடிந்ததா என்றெல்லாம் விசாரித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். பள்ளி கொடுத்த கடிதம். பெற்றோர் பலர் ஓட்டுநரின் நடத்தையில் திருப்தி இல்லை எனத் தெரிவித்துள்ளதால் என்று ஆரம்பித்தது.

"வேற ரெண்டு ஸ்கூல்ல கேட்டேன். ஏன் நிறுத்தனாங்கன்னு கேட்டாங்க, இத்த காமிச்சேன். பொம்பளப் புள்ளைங்க வண்டி, நடத்தைன்னு எழுதி கீது. யாரு சேப்பாங்க?" என்றார். குரலில் கோபம் இல்லை. "லேட்டுன்னு சொல்லியிருந்தா ஒத்துக்குவேன். நான் லேட்டுதான். நடத்தைன்னா நான் இன்னா பண்ணேன்? நீ ஆறு வருஷம் பாத்தியே. சொல்லு."

கேட்டுவிட்டு, யாழினியிடம் காத்திருந்ததுபோலவே காத்திருந்தார். 'நான் தப்பு பண்ணலதானே' என்று கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் அப்படிக் கேட்கவில்லை. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அந்தத் தெருவில் ஒருத்திக்குத்தான் தெரியும். நான், "தெரியல அங்கிள்" என்றேன். பின்னால் ஆட்டோக்காரர் திட்டினார். "சரி, நல்லா படி" என்று சொல்லி அவர் வண்டியை எடுத்தார். அதுதான் கடைசி.

அன்று இரவு அம்மாவிடம், அந்த ஃபாரத்தில் ஏன் 'இல்லை' போட்டாய் என்று கேட்டேன். "லேட்டா வர்றதுக்குத்தான். அவர் நடத்தைக்கு என்ன குறை? தங்கமான மனுஷன்" என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்தாள். "யார்கிட்டயும் வாயத் திறக்காத. எதுவும் எழுதவும் எழுதாத. ஸ்கூல் விஷயம் இது. பன்னண்டாவதுல டி.சி.யக் கையில குடுத்துட்டா எங்க போவோம்?" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் உயிரோடு இருந்த கடைசி இரண்டு மாதமும் திறக்கவில்லை.

புதன்கிழமை பூர்ணியும் நானும் ராயப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். அந்தக் கடிதம் அலமாரியில் ஒரு டப்பாவுக்கு அடியில் இருந்தது. "பையன் கேக்கறாம்மா, வாப்பா இன்னா பண்ணாருன்னு. நான் இன்னான்னு சொல்றது?" என்றார். பூர்ணி அழுதாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஒரு காரியம் செய்தேன். பள்ளியைக் கேட்காமல் செய்தேன், அதனால்தான் இப்போது வாசல் பக்கம் சத்தம் கேட்டாலும் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். புதிதாக ஒரு ஃபாரம் எழுதி, வேனில் வந்த எல்லா வீடுகளுக்கும் தனித்தனியாக அனுப்பினேன். அவர் நல்லவரா என்று அதில் கேட்கவில்லை. இறந்தவரைப் பற்றி அப்படிக் கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? தேர்ந்தெடுக்க விடைகள் எதுவும் கொடுக்கவில்லை, வெற்றிடம் மட்டும் விட்டேன். 'போன வருட ஃபாரத்தில் இரண்டாம் கேள்விக்கு இல்லை என்று அழுத்தியிருந்தால், அழுத்தும்போது எதை நினைத்து அழுத்தினீர்கள்?' என்பது ஒன்று. 'வேன் ஏன் தாமதமானது என்று உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதலாம்' என்பது இன்னொன்று. முதலில் அந்தக் கேள்விகளை ஆயாம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டி, உங்களுக்கு என்ன புரிந்தது என்று கேட்டேன். அவருக்குப் புரியாத ஒரு சொல்லை மாற்றினேன்.

பதில்கள் வந்தன. 'லேட்.' 'ஆபீசுக்கு நேரமாகும்.' 'காலையில் தெருவில் நிற்க வேண்டியிருந்தது.' இரண்டு வீட்டார் நினைவில்லை என்று எழுதினார்கள். ஒருவர் அவர் பாட்டுச் சத்தம் அதிகம் என்று எழுதினார், அதையும் அப்படியே வைத்திருக்கிறேன். நடத்தையை நினைத்து அழுத்தினேன் என்று ஒருவர்கூட எழுதவில்லை.

இரண்டாவதற்குப் பெரும்பாலும் 'தெரியாது', 'டிராஃபிக்'. யாழினியின் அம்மாவுடைய பதில்தான் நீளம். 'நான் விடியக்காலமே வீட்டு வேலைக்குப் போயிடுவேன். பாப்பா தானே கிளம்பி, தானே பூட்டணும். பூட்டு வரைக்கும் கை எட்டாது, ஸ்டூல் போடணும். டிரைவர் அண்ணன் சந்து முனையில வண்டிய நிறுத்திட்டு நடந்து வந்து, அவ பூட்டறவரைக்கும் நிப்பாரு. பூட்ட இழுத்துப் பார்ப்பாரு. அதான் லேட்டு. என்னால வேலை போயிடுச்சா?'

இல்லை அக்கா, உங்களால் இல்லை. நாம் எல்லோரும் எவ்வளவு சிரமம் என்று சொன்னோம். ஏன் என்று நான் கேட்கவே இல்லை.

இந்தப் பதில்களை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பழைய ஃபாரத்தின் படமும் நான் சுருக்கிய தலைப்பும் அதில் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் அவர் மனைவியிடம் கொடுப்பேன். அலுவலக சார் முன்னால்தான் கொடுக்க வேண்டும். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு பழக்கம்தான். பதிலை வாயில் ஊட்டாமல் கேட்பது, கேட்டபின் பின்னால் எத்தனை ஹாரன் அடித்தாலும் காத்திருப்பது. ஞாயிறு காலை பூர்ணி கதவைச் சாத்தும்போது, எல்லாரும் வந்தாச்சா என்று கேட்கப்போகிறாள். நான் எழுந்து, யாரு வரல என்று கேட்பேன். நீங்கள் ஒவ்வொருவரும் பக்கத்து இடத்தைப் பார்ப்பீர்கள். பிறகு இதை வாசிப்பேன்.

அங்கிள், தி. நகரில் நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. நீங்கள் ஒன்றும் பண்ணவில்லை. அந்தக் கேள்வியை எழுதியவள் நான்.