திரௌபதியின் மரபணுக் கோப்பு

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டிலிருந்து கீழே போய் மரபணுக் கணினியியல் படித்தவள் இளவரசி ஒருத்திதான். வேலூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். ஆய்வுத் திட்டம் பாதியில் நின்றுபோனதும் ஊருக்குத் திரும்பினாள். கையோடு ஒரு ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்தாள். அதில் அக்கா நதியாவின் நான்கு வயது மகள் திரௌபதியின் டிஎன்ஏ விவரம் இருந்தது.

நன்றாக ஓடியாடிய குழந்தை மூன்று வயதில் தடுமாற ஆரம்பித்தது. பிறகு உட்காரவும் முடியவில்லை. அதன் ரத்தத்திலிருந்து ஆய்வுக்கூடத்து இயந்திரம் படித்துக் கொடுத்தவை கோடிக்கணக்கான துண்டுகள். ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் பொருத்தினால்தான் கோளாறு எங்கே என்று தெரியும்.

இளவரசியின் பழைய லேப்டாப்பில் வேலை தொடங்கிய அரை மணியில் மெமரி நிரம்பி, எல்லாம் நின்றுவிட்டது. பக்கத்தில் நதியா குழந்தைக்குச் சாமைக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொல்லுது?"

"மெமரி பத்தலியாம்க்கா."

மூன்று முறை முயன்றும் அதே கதி. கடைசியில் கோப்பை நாற்பது பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். பேட்டரி செத்த லேப்டாப்; கரண்ட் போனால் அந்தப் பகுதியை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எட்டாம் நாள் குழந்தைக்குச் சளி கட்டி மூச்சு திணறியது. ஜீப்பில் திருப்பத்தூருக்குக் கொண்டு போனார்கள். பாதி மலை இறங்குவதற்குள் உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்து வந்தபோது லேப்டாப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அணைக்க இளவரசிக்குக் கை வரவில்லை. காரியம் முடிந்த மறுநாள் விடை கிடைத்தது. மருந்தே இல்லாத நோய்.

"அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டருந்தும் அந்தக் கோளாறு வந்தாதான் இந்த நோவு வரும்க்கா. யார் மேலயும் தப்பில்ல."

நதியா அவள் பக்கம் திரும்பினாள்.

"மாசமா இருக்கசொல்ல புளி உலுக்கப் போய் வுழுந்தேனே, அதால இல்லியா?"

"அதால இல்லக்கா."

"தெனமும் அவ காலைப் புடிச்சி மன்னிப்பு கேட்டுக்கினு இருந்தேன்டி."

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "உங்க மாமாகிட்டயும் சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாரு."

அக்காவின் கணவன் வீரன் களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்தான். இளவரசி எழுந்து அங்கே போனாள்.