பேருந்துக்கே வந்த வீடியோ கால்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பேருந்தில் முன்பின் தெரியாத ஒரு அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, மடியில் அவித்த மல்லாட்டை. உரித்த கடலையில் பாதியை என் கையில் திணித்துக்கொண்டே வந்தார். வேண்டாம் என்றாலும் காதில் வாங்கவில்லை.

அவர் போனுக்கு ஒரு வீடியோ கால் வந்தது. திரையில் போலீஸ் உடுப்பில் ஒருவன்.

“உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைப்பொருள் இருக்கு. ஆதார் நம்பர், பேங்க் விவரம் எல்லாம் சொல்லணும், இல்லன்னா கைதுதான். யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. தனி ரூமுக்குப் போங்க.”

அம்மாவின் விரல்கள் அப்படியே நின்றன. நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து, போனைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார்.

“எல்லாரும் இங்க பாருங்க! இந்த போலீஸ்காரரு என்னை அரஸ்ட் பண்ணப் போறாராம். நான் இன்னா பண்ணட்டும்?”

பேருந்தே திரும்பிப் பார்த்தது. “எந்த ஸ்டேஷன் சார்?” என்றது பின்சீட்டுக் குரல். “எங்களையும் சேத்துப் புடிங்க சார், வண்டியோட வர்றோம்!” என்றார் கண்டக்டர். எழுந்த சிரிப்பில் அவன் இணைப்பைத் துண்டித்தான். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“உங்களுக்குப் பயமே இல்லியாம்மா?” என்று கேட்டேன்.

“நடுங்கிப் போய்ட்டேன் கண்ணு. அதான் எல்லாரையும் கூப்ட்டேன். யார்கிட்டயும் சொல்லாதன்னான் பாரு, அவன்தான் நம்மளப் பாத்து பயந்துக்கினு இருக்கான்.”

விக்கிரவாண்டியில் இறங்கிப் போய்விட்டார். நான் பெயரைக்கூடக் கேட்கவில்லை. இப்போதெல்லாம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.