பின்வாசல் பிராக்டீஸ்

எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, "ஸ்பெஷலிஸ்ட் ஆகாமல் வெறும் குடும்ப டாக்டராக நம் பக்கத்தில் பிழைக்க முடியுமா சார்?" என்று கேட்டு வருகிற பிள்ளைகளிடம் நான் புள்ளிவிவரம் பேசுவதில்லை. செல்லையா அண்ணாச்சியின் மூலவியாதியைப் பற்றித்தான் பேசுவேன். பேரை மாற்றிவிட்டேன். அவரும் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாயிற்று, கோபிக்க மாட்டார்.

1. கேரண்டி

ஐம்பதுகளில் நான் பாறசாலை ரோட்டில் போர்டு மாட்டியபோது எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் தாலுகா தமிழகத்தோடு சேருமா, மலையாளத்தோடு நிற்குமா என்று யாருக்கும் தெரியாது. அரசு வேலை கேட்டுப் போனால், "முதல்ல எல்லை முடிவாகட்டும், அப்புறம் டாக்டரை முடிவு பண்ணலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். சரி, சொந்த பிராக்டீஸ் என்று இறங்கினேன்.

முதல் நாள் முதலில் படியேறியவர் அண்ணாச்சி. ஊர்த் தமிழ்க் கமிட்டியின் தலைவர்.

"எலே மக்கா, நீ நம்ம டாக்டராக்கும். இனி நம்ம ஆளுவ ஒருத்தனும் அந்த நாயர் டாக்டர்கிட்ட போவமாட்டான். நான் கேரண்டி."

நாயர் டாக்டர் சந்தைக்கு அந்தப் பக்கம் பல வருஷமாகக் கொடிகட்டிப் பறப்பவர். எனக்கு வாயெல்லாம் பல்.

கேரண்டியோடு நிற்காமல் அண்ணாச்சி என் வராந்தாவிலேயே கமிட்டியையும் நடத்த ஆரம்பித்தார். காலையில் பேப்பர் வாசிப்பு, பிறகு கட்டன் சாயா, அதற்குப் பிறகு நோயாளிகளை விசாரணை. "என்ன தீனம்? எங்க வலி? எப்ப இருந்து?" என்று நான் கேட்க வேண்டியதையெல்லாம் அவர்களே கேட்டு ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள். சளி, இருமல் தவிர வேறு கேஸே வரவில்லை.

2. கிரேஸ்

அந்த நேரத்தில் பீர்மேட்டில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் டாக்டர் வேலை வந்தது. குவார்ட்டர்ஸ், சம்பளம், குளிர் எல்லாம் உண்டு. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். என் மனைவி கிரேஸ் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர்.

"போறதுன்னா நீங்க தனியா போங்க. எனக்க வேலையை விட்டுட்டு அட்டைக்கடிக்கு நான் வரமாட்டேன், கேட்டேளா?"

கல்யாணமாகி ஆறு மாதம்தான். பதில் எழுதுவதைத் தள்ளிப்போட்டேன்.

அந்த வாரம் பொழுது சாயும்போது அடுக்களைக் கதவை ஒரு மலையாளி தட்டினார். ஐக்கிய கேரளம் கேட்டு ஊர்வலத்தில் முன்னால் போகிறவர். எங்கள் கமிட்டிக்கு ஜென்மப் பகை.

"டாக்டரே, எனிக்கு பறயான் கொள்ளாத்த தீனமாணு. நாயர் டாக்டருடெ வராந்தயில் நம்முடெ ஆள்க்காராணு. அவிடெ காணிச்சால் நாடறியும்."

வெளியே சொல்ல முடியாத நோயாம். அந்த வராந்தா நிறைய அவர் கட்சிக்காரர்களாம், அங்கே காட்டினால் ஊருக்கே தெரிந்துவிடுமாம். பென்சிலின் போட்டு அனுப்பினேன். ஆனால் ஒரு கேஸை வைத்துக் குடும்பம் நடத்த முடியாதே!

3. எல்லைப் பேச்சுவார்த்தை

தனியாகவாவது எஸ்டேட்டுக்கே போவது என்று முடிவு செய்தேன். ஸ்டெரிலைசரை நாயர் டாக்டருக்கு விற்றுவிடலாம் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினேன். முன்வாசல் வழியாகப் போனால் இரண்டு கட்சியும் தோலை உரித்துவிடும். கொல்லைப்புறமாக நுழைந்தேன். அங்கே பெஞ்சு நிறைய எங்கள் ஆட்கள்! கடைசியில் செல்லையா அண்ணாச்சி, ஒருக்களித்து, பாதிப் பின்புறத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எலே, நீ எங்க இங்க?"

"அண்ணாச்சி எங்க இங்க?"

"நானா? எல்லைப் பிரச்சினையைப் பேசித் தீக்க வந்தேனாக்கும்."

நாயர் டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்து, எங்கள் ஊர்த் தமிழிலேயே சொன்னார். "தீத்துடலாம். முதல்ல உள்ள வந்து குப்புறப் படும்."

அண்ணாச்சியை அனுப்பியபின் என் கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"நீர் போனா எனக்க ஆட்களை யாருவே பாக்கது? கட்சிக்காரனுக்கும் சம்பந்திக்கும் தெரியாம காட்ட அவனுவளுக்கு ஒரு தமிழ் டாக்டர் வேணும். உம்ம ஆட்களுக்கு நான் உண்டு. பின்வாசல்ல ஒரு பெஞ்சு போட்டுட்டுக் கொஞ்சம் பொறும்."

போட்டேன். கிரேஸ் முணுமுணுத்துக்கொண்டே அடுப்பை மறுபக்கம் மாற்றினாள். நெய்யாற்றின்கரையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். எஸ்டேட் மறந்துபோயிற்று.

4. கோடு போட்ட பிறகு

ஒருநாள் எல்லை முடிவாயிற்று. தெற்கே நாலு தாலுகா தமிழகத்துக்குப் போயின. நாங்கள் கேரளத்தின் பக்கமே நின்றோம். அண்ணாச்சி என் வராந்தாவில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். இத்தனை கேலி பேசுகிற நானும் அன்று நோயாளிகளை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். கமிட்டி கலைந்தது.

சில வாரம் கழித்துப் பட்டப்பகலில், முன்வாசல் வழியாக வந்தார். வராந்தா நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

"டாக்டரே, மூலம் திரும்பவும் தொந்தரவாக்கும்" என்றார், எல்லார் காதிலும் விழும்படி.

நான் குரலைத் தாழ்த்தி, "நாயர் டாக்டர்கிட்ட போவலியா?" என்றேன்.

"இனி யாருக்கிட்ட மறைக்க? தலைவனுக்குத்தானே மக்கா வெக்கம். இப்ப நான் வெறும் செல்லையா."

ஆகவே பிள்ளைகளே, எந்த ஊரில் டாக்டர் குறைவு என்று மட்டும் விசாரித்தால் போதாது. அங்கே யாருக்கு யாரிடம் வெட்கம் என்றும் விசாரியுங்கள். அதை வைத்துப் பிழைப்பு நடத்தலாம். நானும் அப்படித்தான் நடத்தினேன். ஆனால் அண்ணாச்சி முன்வாசலில் வந்த அன்றைக்குத்தான் அவருக்கு நான் குடும்ப டாக்டர் ஆனேன்.