சிவப்புத் துணி கட்டிய மரங்கள்

துணி என்னுடையது. பழைய மெத்தை உறை. பல முறை துவைத்து ஓரம் நைந்திருந்தாலும் சிவப்பு போகவில்லை. அதை நாடா நாடாவாகக் கிழித்து ஒரு பையில் போட்டு, பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கு எடுத்துப்போனேன்.

தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது அந்த ஏரி. அதைச் சீரமைக்கத் தன்னார்வலர் குழு ஒன்றைத் தொடங்கியவன் என் கல்லூரி நண்பன். வங்கியில் வேலை பார்ப்பவன். நான் நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியர். என் வார விடுமுறையை ஞாயிற்றுக்கிழமைக்குக் கெஞ்சி மாற்றிக்கொண்டதே இந்த ஏரிக்காகத்தான்.

எங்கள் வேலைக்குப் பருவம் உண்டு. மழைக்கு முன்னால் வரத்துக் கால்வாயில் குப்பை அள்ளுவோம். மழை ஓய்ந்து பனி விழும் நாட்களில் பறவைகளை எண்ணுவோம். தண்ணீர் பின்வாங்கத் தொடங்கியதும் சீமைக்கருவேலம் வெட்டுவோம். ஆடி பிறந்தால் கரையில் கன்று நடுவோம். மாடம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வரும் ஒரு பள்ளி ஆசிரியை எந்தப் பருவத்தையும் தவறவிட்டதில்லை. பொத்தேரி விடுதிகளிலிருந்து வரும் மாணவர்கள் ஒரு பருவம் வருவார்கள், அடுத்ததற்குக் காணாமல் போவார்கள்.

அந்த வருடம் தெற்கு மூலையில், முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்ற சீமைக்கருவேலத் திட்டில் மடையான் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டியிருந்தன. எந்த மரத்தை ஒழிக்க வந்தோமோ அதே மரம். முள் அத்தனை அடர்த்தி. பூனையோ கீரியோ ஏற முடியாது. பறவைகள் சரியாகத்தான் இடம் பார்த்திருந்தன.

“இந்தத் திட்ட இப்போ தொட வேணாம்டா,” என்றேன் நண்பனிடம். “குஞ்சு பறக்கட்டும். ஏப்ரல்ல எடுத்துக்கலாம்.”

“சரி மச்சான். ஆனா பசங்களுக்கு எப்படித் தெரியும்? கையில அருவாளக் குடுத்தா உன்னையும் சேத்து வெட்டிட்டுப் போயிடுவானுங்க.”

அதற்காகத்தான் சிவப்புத் துணி. இருவரும் தண்ணீரில் இறங்கி, திட்டைச் சுற்றி வெளிக்கிளைகளில் நாடாக்களைக் கட்டினோம். முள் குத்திய விரலைச் சப்பிக்கொண்டே அவன் எல்லோரையும் கூப்பிட்டு அறிவித்தான்.

“செவப்புத் துணிக்கு உள்ள மெட்டர்னிட்டி வார்டு. விசிட்டர்ஸ் நாட் அலவ்ட்.”

“டாக்டர் யாரு சார்?” என்றார் ஆசிரியை.

“இவன்தான்,” என்று என்னைக் காட்டினான். “பேப்பர்காரன். எந்தக் குஞ்சு என்னிக்குப் பொறந்துச்சுன்னு எழுதிவச்சிருப்பான்.”

மார்ச் நடுவில் ஒரு புதன்கிழமை காலை, அவன் வங்கிக்குப் போகிற வழியில் வந்தான். கரையில் நின்று என் பைனாகுலரில் மாறி மாறிப் பார்த்தோம். தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. மடையான் குஞ்சுகள் சில, கூட்டை விட்டுக் கிளைக்கு வந்திருந்தன. இறகு முளைத்திருந்தது, பறக்கத் தெரியவில்லை. நீர்க்காகக் குஞ்சுகள் இன்னும் சிறியவை. தாயின் வாய்க்குள் தலையை முழுதாக நுழைத்து இரை வாங்கின. அவன் வெகுநேரம் பைனாகுலரைத் திருப்பித் தரவில்லை. “இன்னும் மூணு வாரமாவது ஆகும் இல்ல?” என்று கேட்டதும் அவன்தான்.

சனிக்கிழமை அவனிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. “மச்சான், நாளைக்கு ஏரி வேலை கேன்சல். நல்லாத் தூங்கு.”

தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை குஞ்சுகளைப் பார்க்கப் போனேன். கரையேறியதும் எதிர்ப்பக்க அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனிகள் தெரிந்தன, கொடியில் காயும் துணிகள் உட்பட. அந்த இடத்திலிருந்து அவை அதற்கு முன் தெரிந்ததில்லை. நடுவில் இருந்த திட்டு இல்லை. சேற்றில் ஜேசிபியின் சக்கரத் தடம். கரையோரம் வெட்டிய மரங்கள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. குவியலுக்குள் குச்சிக் கூடுகள் தட்டையாக நசுங்கியிருந்தன. ஒன்றில் வெளிர் நீல முட்டை ஓடு. பெரிய பறவைகள் சில, பழைய இடத்துக்கு மேலே வட்டமிட்டுவிட்டு எங்கும் இறங்காமல் போயின.

ஜேசிபி ஓட்டுநர் வண்டி நிழலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யார் வெட்டச் சொன்னது என்று கேட்டேன்.

“கண்ணாடி போட்ட சார் ஒர்த்தரு, பேங்க்ல கீறாராமே, அவருதான். நேத்து கம்பெனி பசங்க ரெண்டு பஸ்ல வந்துச்சுங்க. அதுங்க நாலு கொம்ப வெட்டிட்டு போட்டோ புடிச்சுக்கினு போச்சு. மீதிய நான் வாரினேன்.”

“செவப்புத் துணி கட்டியிருந்துச்சே?”

“ஆமா சார். செவப்புத் துணி கட்டனது மொத்தம் எடுத்துருன்னாரு. அடையாளம் போட்டு வெச்சது நல்லதாப் பூட்ச்சு. இல்லாங்காட்டி எங்க ஆரம்பிக்கறது, எங்க முடிக்கறதுன்னு ஒரே பேஜாரு.”

“குஞ்சுங்க?”

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையை டப்பாவின் ஓரத்தில் வழித்தார். “கொஞ்சம் சேத்துல ஓடுச்சு சார். இங்க நாயிங்க ஜாஸ்தி.”

அன்று மதியமே நண்பனின் வங்கிக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போய் அவனை வரச்சொன்னேன். வந்தான். எனக்கும் சேர்த்து டீ சொன்னான். எதற்கு வந்திருக்கிறேன் என்று அவன் கேட்கவில்லை.

“மார்ச்சுக்குள்ள அந்தக் கம்பெனிக்காரங்க வாலண்டியர் ஹவர்ஸ முடிச்சாகணும்டா,” என்றான். “ரெண்டு பஸ் ஆளு வராங்க. மத்த எடமெல்லாம் நாமளே வெட்டித் தீத்துட்டோம். மொட்டைக் கரையில கொண்டுபோய் நிறுத்தினா அடுத்த வருஷம் வருவாங்களா?”

“குஞ்சு பறக்கல.”

“முக்கால்வாசி பறந்துடுச்சுன்னு நெனச்சேன்.”

“புதன்கெழம நீயும் பாத்த.”

அவன் டீயை ஆற்றினான். ஏற்கெனவே ஆறியிருந்த டீ.

“நீதானடா பேப்பர்ல எழுதின, இது தண்ணியக் குடிக்கிற மரம், வேரோட எடுக்கணும்னு? இப்ப எடுத்தா மூஞ்சியத் தூக்கிக்கற.”

“அப்புறம் ஏன் கேன்சல்னு சொன்ன?”

“நீ வந்திருந்தா சண்ட போட்டிருப்ப.”

“ஆமா.”

“அதான்,” என்றான். நியாயமான பதிலைச் சொல்லிவிட்டவனைப் போலத் தம்ளரைக் கீழே வைத்தான்.

அன்று மாலை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் புகைப்படங்கள் வந்தன. ஒரே நிற டி-ஷர்ட்டில் இளைஞர்கள், கட்டை விரலை உயர்த்தி நின்றார்கள். தொழில் பழக்கத்தில் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முன் வரிசையில் இருந்த ஒருவன் என் மெத்தை உறையின் நாடாவைக் கோயில் கயிறுபோல மணிக்கட்டில் கட்டியிருந்தான். சிரித்த முகம். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவனிடம் யாரும் எதையும் சொல்லியிருக்க மாட்டார்கள். படங்களுக்குக் கீழே ஆசிரியை ஒரு கேள்வி மட்டும் போட்டிருந்தார்: “வார்டு காலியா சார்?” நண்பன் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பியிருந்தான்.

நான் குழுவை விட்டு விலகவில்லை. கால்வாயில் குப்பை சேர்வது நிற்கவில்லை, அள்ள ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆடியில் கன்று நட்டேன், மழைக்கு முன் கால்வாயில் இறங்கினேன். அவனோடு பேசவும் செய்தேன். மண்வெட்டி எங்கே, கையுறை போதுமா என்கிற அளவில்.

மழை முடிந்து ஏரி நிறைந்தது. தை பிறந்தபின் ஒரு காலை, வழக்கமான கரையிலிருந்து கண்ணில் படாத கிழக்குப் பக்கமாக நடந்தபோது அவற்றைப் பார்த்தேன். முன்பு மண் எடுத்த பள்ளம் அது. கோடையிலும் வற்றாது, எந்த வண்டியும் இறங்க முடியாது. நடுவில் தனியாக நின்ற சிறு சீமைக்கருவேலத் திட்டில் மடையான்கள் குச்சி சுமந்து வந்துகொண்டிருந்தன. போன வருடத்தைவிட மிகக் குறைவு.

அந்த வாரமே நண்பன் போன் செய்தான். குரலில் பழைய உற்சாகம்.

“மச்சான், பேர்டு கவுண்ட் ஆரம்பிக்கறோம். அந்தச் செவப்புத் துணி மீதி இருந்தா எடுத்துட்டு வா. மார்க் பண்ண நல்லா யூஸ் ஆச்சு. ஆமா, இந்த வருஷம் எங்கயாவது கூடு பாத்தியா?”

பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதற்குத்தான் எனக்கு மாதச் சம்பளம்.

“இல்ல,” என்றேன்.