அக்காவுக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லாரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் தங்கை சின்னக்கா. இருபத்திரண்டு வருஷமாக இரண்டு பேரும் எதிரெதிரே நின்று படுக்கை விரிப்பு மடித்தார்கள். உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சூடாக வரும் விரிப்பில் ஒருத்திக்கு இரண்டு மூலை, இன்னொருத்திக்கு இரண்டு மூலை. ஓர் உதறல், நாலு எட்டு, முடிந்தது. பேச்சே இருக்காது. நடுவில் கண்ணாடி வைத்து ஒரே ஆளை இரண்டாக்கி விட்டார்களா என்று மேற்பார்வையாளர் கேலி பேசுவார்.

அம்மா இறந்துபோனபோது பெரியவளுக்குப் பதினாறு, சின்னவளுக்குப் பத்து. அன்றிலிருந்து எது கிடைத்தாலும் சரிபாதி. குளிக்கிற சோப்பைக்கூடப் பெரியவள் நூலால் அறுத்துத்தான் கொடுப்பாள். சின்னவளைப் புருஷன் விட்டுப் போன பிறகு மறுபடியும் ஒரே வீடு, ஒரே அறை. பெரியவள் கொடுத்தால் சின்னவள் வாங்கிக்கொள்வாள். எதற்கு என்று கேட்டுப் பழக்கமில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் பெரியவளுக்குக் கால் வீங்கியது. மூன்று தலையணை வைத்தால்தான் மூச்சு விட முடிந்தது. இதயம் பெருத்துப் பலவீனமாகிவிட்டது, ரத்தத்தைத் தள்ளச் சக்தி இல்லை என்றார்கள். பல மாத்திரைகள் கொடுத்தார்கள். அதில் முக்கியமானது இதயத் துடிப்பைக் குறைத்து ஓய்வு கொடுக்கும் ஒன்று. வேளாவேளைக்கு எடுத்துக் கொடுத்தது சின்னவள்தான். ஒன்றரை வருஷத்தில் வீக்கம் வடிந்து, பெரியவள் வேலைக்குத் திரும்பினாள். அந்த மாத்திரைமேல் அவளுக்கு ஒரு மனுஷர்மேல் வருகிற மாதிரி நம்பிக்கை.

போன வருஷம் சின்னவளுக்கும் அதே வீக்கம். வீட்டுக்கு ஏறும் பதினோரு படியில் ஆறாவதில் உட்கார்ந்துவிட்டாள். பரம்பரையாக வருகிற வியாதி என்றார் டாக்டரம்மா. அதே மாத்திரையில் இருப்பதிலேயே சின்னதை எழுதி, பாதியாக உடைத்துச் சாப்பிடச் சொன்னார். பெரியவள் பயப்படவில்லை. தனக்கு வந்ததுதானே, தனக்குச் சரியானது அவளுக்கும் சரியாகும்.

இரண்டு மாதமாகியும், வேலைக்குப் போய்வந்த சின்னவளுக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும் என்றார் டாக்டரம்மா. பெரியவளுக்கும் அப்படிப் பாதியில் தொடங்கி மாதக்கணக்கில் கூட்டியதுதான். ஆனால் அந்த நாட்களில் அவள் கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டவள், என்ன கொடுத்தார்கள் என்று பார்க்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது தான் விழுங்கும் பெரிய மாத்திரை.

ஒருநாள் காலை தன் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி நீட்டினாள்.

"எனக்கு முழுசு, உனக்குப் பாதியா? ஒரு வயித்துல பொறந்தவங்கதானே."

"டாக்டரம்மா சொல்லலையே, அக்கா."

"அடுத்த மாசம் சொல்லத்தான் போறாங்க. அதுவரைக்கும் இப்படியே இழுத்துட்டுக் கிடப்பியா?"

அக்காவுக்கும் பாதியில் தொடங்கியது நினைவிருந்தும், சின்னவள் வழக்கம்போல வாங்கி விழுங்கினாள். மறுநாளும், அதற்கு மறுநாளும்.

நாலாவது நாள், விரிப்பை உதறும்போது எதிர்ப்பக்கம் கனமில்லாமல் தொங்கியது. சின்னவள் தரையில் கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்ததால் இரண்டு நிமிஷத்தில் ஸ்ட்ரெச்சர் வந்தது. நாடி முப்பத்துநாலு. கழுத்து ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் ஒரு கம்பியை விட்டு, மின்சாரத்தால் துடிப்பை ஓட்டினார்கள்.

பெரியவள் அட்டையைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். டாக்டரம்மா திட்டுவார் என்று நின்றாள். அவர் திட்டவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பிறகு சின்னவளின் ரத்தத்தை ஒரு பரிசோதனைக்கு அனுப்பினார்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. இந்த மாத்திரையைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரலாம். அது எந்த வேகத்தில் நடக்கும் என்பது ஆளுக்கு ஆள் மரபணுவிலேயே இருக்குமாம். சின்னவளுக்கு மிக மெதுவாக நடக்கிறது. நேற்று சாப்பிட்டதும் முந்தாநாள் சாப்பிட்டதும் உடம்பில் தேங்கி நிற்க, இன்றையது மேலே ஏறும். பெரியவளுக்கு அப்படி இருந்திருக்காது, அதனால்தான் அதே மாத்திரையை அவள் தாங்கிக்கொண்டாளாம்.

"ஒரே அப்பா அம்மாதானே, டாக்டரம்மா."

"ஆமா. ஆனா அப்பாகிட்ட பாதி, அம்மாகிட்ட பாதிதான் வரும். எந்தப் பாதின்னு ஒவ்வொரு பிள்ளைக்கும் மாறும்."



"அப்ப, நான் குடுத்ததாலயா? அவ உடம்பாலயா?"

"ரெண்டும்தான். அவ்வளவு மாத்திரைய திடீர்னு குடுத்தா யாருக்கும் ஆகலாம். இவங்களுக்குப் பலமா ஆயிடுச்சு. இந்தப் பரிசோதனைய மட்டும் வெச்சு எல்லாத்தையும் சொல்லிட முடியாதும்மா, எங்களுக்கே இன்னும் பாதிதான் தெரியும்."

வேறு வழியில் கழியும் ஒரு மாத்திரைக்கு மாற்றினார்கள். ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் சின்னவளின் இதயம் முன்னைவிட ஒரு துளி மேல், அவ்வளவுதான். பெரியவளுக்கு வந்த மாதிரி வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டரம்மா. அவர் பேசி முடிக்கும்வரை பெரியவள் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையைப் படித்துக்கொண்டிருந்தாள். ஆறு படம். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வீட்டுக்கு வந்து அரிசி களைந்தாள்.

சின்னவளை உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாற்றினார்கள், தலையணை உறைக்கு நாடா தைப்பது. அவள் இதுவரை அந்த மாத்திரையைப் பற்றி அக்காவை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம் என்று பெரியவளுக்குச் சில நாள் தோன்றும்.

ஒருநாள் சாயங்காலம் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தபோது சின்னவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தலை வலிக்குது. மாத்திரை இருக்கா, அக்கா?"

தலைவலி மாத்திரை அலமாரியில் இருந்தது. பெரியவள் அந்தப் பக்கம் போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிக் கேளு."

"தலைவலிக்கா?"

"கேளு."

சின்னவள் அவளைப் பார்த்தாள். போனை எடுத்தாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.